டிங்... டிங்... டிங்... நிறுத்துங்கப்பா!

போன வாரம் ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸை கவுத்து வச்சு தோசை சுட்ட கதையைப் படிச்சுட்டு, "நீயெல்லாம் இன்ஜினீயர் ஆகி என்னத்த கிழிக்கப் போற?"ன்னு கேட்ட அத்தனை நல்ல உள்ளங்களுக்கும் நன்றி. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வாரம். கொஞ்சம் சீரியஸான பதில். சிரிச்சுக்கிட்டே ஆரம்பிப்போம், நடுவுல பாத்துக்கலாம்.

உங்க வீட்ல யாராவது "எங்க பையன் ட்ரிபிள் ஈ படிக்கிறான்"னு வெளியில சொல்லி வச்சிருக்காங்களா? அவ்வளவுதான் பாஸ், உங்க ஜாதகம் முடிஞ்சது. மிக்ஸி ஓடலையா, கூப்பிடு அவனை. கல்யாண வீட்ல சீரியல் லைட் பாதி எரியலையா, கூப்பிடு அவனை. நாம அஞ்சு செமஸ்டரா படிச்சது லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம்னு சொன்னா எந்தப் பெரியப்பா நம்புறார்?

அப்படித்தான் எங்க மாமாவும் கூப்பிட்டார். மாமாவுக்கு ஒட்டன்சத்திரம். சொந்தமா ஒரு பிக்கப் வண்டி, லோன்ல வாங்கினது. விடிகாலை மார்க்கெட்ல லோடு ஏத்திக்கிட்டு பழனி வழியா கொடைக்கானல் ஏறுவார். இறங்கும்போது கேரட், பீன்ஸ், மலைப்பூண்டுன்னு எது கிடைக்குதோ அது. வாரத்துல நாலு தடவையாவது அந்த மலை ரோடு.

செமஸ்டர் லீவுக்குப் போய் பையை இறக்கி வைக்கலை, "மாப்ள, இந்த வண்டி என்னைப் பைத்தியமாக்கப் பாக்குதுடா. நீதான் ஒரு முடிவு கட்டணும்"னார்.

பிரச்னை இதுதான். வண்டி ஓடும்போது திடீர்னு மீட்டர் போர்டுல இருந்து டிங்... டிங்... டிங்... நல்ல ரோட்டுல கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். ஒரு பள்ளத்துல இறங்கினா போதும், மறுபடி ஆரம்பிச்சிடும். மாமா ரேடியோ சத்தத்தைக் கூட்டிப் பார்த்திருக்கார். மீட்டர் மேல துண்டைப் போட்டு அமுக்கிப் பார்த்திருக்கார். ஒரு தடவை கையால ஓங்கிக் குத்தி, மீட்டர் கண்ணாடியில லேசா கீறலே விழுந்திருக்கு. சர்வீஸ் சென்டர்ல காட்டினா, "மொத்த மீட்டர் போர்டையும் மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாங்களாம். அந்தத் தொகைக்கு எங்க அத்தைக்கு ரெண்டு பட்டுப்புடவை வரும். (அத்தையே சொன்ன கணக்கு.)

நானும் பக்கத்துல உட்கார்ந்து பழனி வரைக்கும் ஒரு ட்ரிப் போனேன். சத்தியமா சொல்றேன், பத்தாவது நிமிஷம் எனக்கே குதிச்சு ஓடிடலாம்னு தோணிச்சு.

ஏன் அந்தச் சத்தம் அவ்வளவு கடுப்பாகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அதைக் கடுப்பாகத்தான் செஞ்சே வச்சிருக்காங்க. மீட்டருக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் பீசோ பஸ்ஸர். ஒரு சின்ன பீங்கான் வட்டு, அதுக்கு மின்சாரம் கொடுத்தா வளைஞ்சு வளைஞ்சு நிமிரும், அந்த அதிர்வுதான் சத்தம். இந்த மாதிரி பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2,000-லிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள்ள கத்தும். நம்ம காதுத் துவாரம் ஒரு பக்கம் மூடின குழாய் மாதிரி இல்லையா, அது ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்வு ஆகுது. ஸ்கூல் பிசிக்ஸ்ல அதிர்வு இசைக்கவையை வச்சு மார்க் வாங்கினோமே, அதேதான். அதாவது காது எங்கே ரொம்ப உஷாரா இருக்கோ, சரியா அங்கேயே வந்து குத்துறாங்க. இன்ஜின் சத்தமெல்லாம் கீழே தாழ்ந்த அலைவரிசையில உறுமிக்கிட்டு இருக்கிறதால, இந்த 'டிங்' தனியாத் துருத்திக்கிட்டுக் கேக்கும். துண்டு போட்டா எப்படி அடங்கும்?

சரி, நம்ம ஹீரோ என்ன பண்ணினார்? (ஹீரோன்னா நான்தாங்க.) ஸ்குரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், யூட்யூப். மீட்டர் போர்டைக் கழற்றினேன். பின்னாடி மூடியைப் பிரிச்சா, போர்டு ஓரத்துல கறுப்பா வட்டமா, நடுவுல ஓட்டையோட உட்கார்ந்திருந்தார் நம்ம வில்லன். ரெண்டே கால். ஈயத்தை உருக்கி ரெண்டு காலையும் விடுவிச்சு, பஸ்ஸரை உருவி எடுத்துட்டேன். மறுபடி எல்லாம் மாட்டி வண்டியை எடுத்தா... ஆஹா, அமைதின்னா அமைதி! பள்ளம், மேடு, ஸ்பீடு பிரேக்கர், எதுக்கும் சத்தம் இல்லை. மாமா கண்ணுல தண்ணி வராத குறை. அன்னிக்கு ராத்திரி எனக்கு புரோட்டா, சிக்கன் சுக்கா. "படிச்சவன் படிச்சவன்தான்டா"ன்னு டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தார். நானும் அந்த பஸ்ஸரை சாவிக்கொத்துல மாட்டிக்கிட்டு, வெற்றிக் கோப்பை மாதிரி காலேஜுக்கு வந்துட்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு அமெரிக்கக் கதை சொல்றேன். ஏன்னா சத்தத்தோட சண்டை போட்ட முதல் ஆள் எங்க மாமா இல்லை.

அமெரிக்காவுல 1974 மாடல் கார்கள்ல ஒரு விதி வந்தது. முன் சீட்ல உட்கார்ந்தவங்க பெல்ட் போடலைன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. நல்ல விஷயம்தானே? ஆனா பக்கத்து சீட்ல மளிகைப் பையை வச்சாலும் 'ஆள் உட்கார்ந்திருக்கு, பெல்ட் போடலை'ன்னு கார் மல்லுக்கு நிக்க ஆரம்பிச்சது. ஜனங்க கொந்தளிச்சுட்டாங்க. ஒயரை வெட்டினவங்க, சீட்டுக்கு அடியில நிரந்தரமா பெல்ட்டை மாட்டி வச்சவங்கன்னு ஆளாளுக்கு ஒரு வழி. கடைசியில அதே 1974 அக்டோபர்ல சட்டமே மாறிப்போச்சு. ஸ்டார்ட் ஆகாம தடுக்கிற ஏற்பாட்டை அரசாங்கம் கட்டாயப்படுத்தவே கூடாது, எச்சரிக்கைச் சத்தமும் 8 விநாடிக்கு மேல கட்டாயம் இல்லைன்னு முடிவாச்சு. யோசிச்சுப் பாருங்க, நாடாளுமன்றத்துல உட்கார்ந்து 'டிங்'குக்கு விநாடிக் கணக்கு போட்டிருக்காங்க!

அப்புறம் 2000 மாடல்ல ஃபோர்டு கம்பெனி விட்டு விட்டு பல நிமிஷம் நினைவூட்டுற ஒரு மணியைத் தானாவே கொண்டுவந்தது. அதை ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா, மணி இல்லாத வண்டியில பெல்ட் போட்டவங்க 71 சதவீதம், மணி இருந்த வண்டியில 76. அஞ்சு சதவீதம்தானான்னு உதட்டைப் பிதுக்காதீங்க. நூறு பேர் போற ரோட்டுல அஞ்சு பேர். இதுல வேடிக்கை, அந்தக் கம்பெனியோட பிக்கப் வண்டிகளுக்குக் கொடுத்த கையேட்டிலேயே, பெல்ட்டைக் குறிப்பிட்ட தடவை மாட்டிக் கழற்றினா அந்த மணியை அணைச்சுடலாம்னு வழிமுறையும் போட்டிருந்தாங்க. ஆள் ஒயரை வெட்டுறதுக்கு, நாமளே ஒரு கதவைத் திறந்து வைப்போம்னு நினைச்சாங்க போல.

நம்ம ஊருக்கு வாங்க. 2019 ஜூலை 1-லிருந்து தயாராகிற கார்கள்ல டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் மணி கட்டாயம். 80 கி.மீ. தாண்டினா விட்டு விட்டும், 120 தாண்டினா விடாமலும் கத்துற வேக மணியும் கட்டாயம். உடனே நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? பெல்ட் போடாமலேயே பூட்டுல சொருகி கார் வாயை அடைக்கிற ஒரு கிளிப் ஆன்லைன்ல சக்கைப்போடு போட்டது. சிலது பாட்டில் ஓப்பனர்ங்கிற வேஷத்துல வித்தது, சிலது சிகரெட் லைட்டர் வேஷத்துல. (பெல்ட்டை எடுத்துட்டு பாட்டில் ஓப்பனர்! எவ்வளவு பொருத்தம் பாருங்க.) 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு ஆன்லைன் தளங்களுக்கு உத்தரவு போட்டு தூக்கச் சொன்னது. நீக்கின பட்டியல்கள் எண்ணிக்கை 13,118. சீட் பெல்ட் போடாததால 2021-ல் மட்டும் இந்தியாவுல இறந்தவங்க 16,000-க்கு மேலன்னு அந்த உத்தரவோட சேர்த்தே சொன்னாங்க.

இதையெல்லாம் நான் எப்போ தேடிப் படிச்சேன்னு நினைக்கிறீங்க? பஸ்ஸரை உருவுறதுக்கு முன்னாடி இல்லை. பின்னாடி. ஒரு போன் வந்ததுக்கு அப்புறம்.

காலேஜ் வந்து மூணாவது வாரம், ஞாயித்துக்கிழமை ராத்திரி. மாமா. குரல்ல கோபம் இல்லை, அதுதான் வயித்தைக் கலக்கிச்சு.

அன்னிக்கு லீவு நாள்ங்கிறதால மாமா பையனும் கூடப் போயிருக்கான். ஒன்பதாவது படிக்கிறான், கிளீனர் சீட்ல உட்கார்ந்து கொடைக்கானல் பார்க்கிறதுன்னா அவனுக்கு உசுரு. கீழே இறங்கும்போது முழு லோடு கேரட். பெருமாள்மலையில சரிவுல நிறுத்தி டீ குடிச்சிருக்காங்க. சரிவுங்கிறதால ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்திருக்கார். கிளம்பும்போது அதை இறக்கினார், ஆனா முழுசா இறங்கலை. ரெண்டு பல் மிச்சம் இருந்திருக்கு. மீட்டர்ல சிவப்பு லைட் எரிஞ்சுதான் இருக்கும். மத்தியான வெயில் நேரா மீட்டர் மேல அடிக்குது, கண்ணாடியில கீறல் வேற, யாருக்குத் தெரியும்?

சமதளமா இருந்தா வண்டி இழுவையா இருக்குன்னு அஞ்சாவது நிமிஷமே டிரைவருக்குத் தெரிஞ்சிடும். இறக்கத்துல தெரியாது பாஸ். முழு லோடு வண்டியை மலையே கீழே தள்ளிவிடும்போது, பின் சக்கரம் லேசாப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது 'அட, வண்டி நல்லா கன்ட்ரோல்ல இருக்கே'ன்னுதான் தோணும். உள்ளே என்ன நடக்குது? பிரேக் ஷூவோட லைனர் டிரம்மை உரசிக்கிட்டே இருக்கு. வளைவுக்கு வளைவு காலாலயும் பிரேக் அடிக்கிறார். சூடு ஏறுது. சூடான லைனருக்குப் பிடிமானம் குறையும். அதுக்கு மேல போனா வீல் சிலிண்டர்ல இருக்கிற பிரேக் ஆயில் கொதிச்சு குமிழி வரும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆனா குமிழியை அமுக்கலாம். நீங்க பெடலை மிதிக்கிறீங்க, குமிழி நசுங்குது, பிரேக் பிடிக்காது. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல இதை எழுதியிருந்தா எனக்கு மார்க் கிடைச்சிருக்கும்.

சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினதும் கருகின வாடை. முன்னாடி போற லாரின்னு நினைச்சிருக்கார். அடுத்த வளைவுல பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கு. மாமா இருபது வருஷமா மலை ரோட்டுல ஓட்டுறவர். உடனே மூணுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து ஒண்ணுன்னு கியரை இறக்கி, மலைப் பக்கமா ஒதுக்கி, வண்டியோட இடது பக்கத்தைப் பாறையில தேய்ச்சே நிறுத்தியிருக்கார். பின் சக்கரத்துல இருந்து புகை. பையன் இறங்கி ஓடிப்போய் டயருக்குக் கல் வச்சிருக்கான். அந்தப் பக்கம் பள்ளம்னு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும்.

யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இடது பக்கக் கண்ணாடியும் கதவு பெயின்ட்டும் போச்சு. சக்கரம் ஆற ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்காங்க.

எல்லாம் சொல்லிட்டு மாமா கடைசியா ஒண்ணு சொன்னார். "முன்னெல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டபடி வண்டியை எடுத்தா அது கத்தும் மாப்ள. இன்னிக்கு ஒண்ணும் சொல்லலை."

நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன். பஸ்ஸர் அதுல தொங்கிக்கிட்டிருந்தது.

இதுதான் விஷயம் மக்களே. மாமா வண்டியில கதவுக்கு ஒரு மணி, ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு மணி, ஹெட்லைட்டை அணைக்காம இறங்கினா ஒரு மணின்னு தனித்தனியா இல்லை. எல்லாத்துக்கும் ஒரே வாய். நான் ஒரு புகாரை நிறுத்துறேன்னு நினைச்சு, வாயையே பிடுங்கிட்டேன். கிளவ் பாக்ஸ்ல ஆர்.சி. புக்குக்கு அடியில, பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காம வண்டியோட கையேடு கிடந்தது. எந்தெந்தக் காரணத்துக்கு மணி அடிக்கும்னு அதுல ஒரு பக்கம் அட்டவணை. மூணு மணி நேரம் யூட்யூப் பார்த்தவனுக்கு மூணு நிமிஷம் அதைப் படிக்கத் தோணலை. (எடிட்டர் சார், இந்த வரியை வெட்டிடாதீங்க, எங்க ஹெச்.ஓ.டி. படிப்பார்.)

அடுத்த வாரமே ஊருக்கு ஓடினேன். பஸ்ஸரைத் திரும்ப சால்டர் பண்ணினேன். இந்தத் தடவை கூடவே ஒட்டன்சத்திரத்துல ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வண்டியைக் கொண்டுபோனோம். அவர் மீட்டர் பக்கமே போகலை. முதல்ல ரெண்டு கதவையும் பிடிச்சு ஆட்டினார். கொண்டி சரியா விழுதா, கதவு உண்மையிலேயே மூடுதான்னு பார்த்தார். மூடுது. அப்புறம் என்னைப் பார்த்து, "கேபின் லைட்டை 'டோர்'ல போட்டுப் பாத்தியா தம்பி?"ன்னார்.

திருதிருன்னு முழிச்சேன். மாமா அந்த லைட்டை எப்பவும் 'ஆஃப்'லயே வச்சிருப்பார். அண்ணன் அதை நடுவுல தள்ளிட்டு, ரெண்டு கதவையும் மூடி, கிளீனர் பக்கக் கதவை உள்ளேயிருந்து தட்டினார். லைட் மினுக்... மினுக். கூடவே நம்ம பழைய நண்பர் டிங்... டிங்.

கதவைத் திறந்தா, நிலையில ஒரு சின்ன ஸ்விட்ச் துருத்திக்கிட்டு நிக்கும், ஃப்ரிட்ஜ்ல இருக்குமே அது மாதிரி. கதவு மூடினா உள்ளே அமுங்கும், திறந்தா ஸ்பிரிங் வெளியே தள்ளும், தொடுப்பு சேர்ந்து 'கதவு திறந்திருக்கு'ன்னு மீட்டருக்குச் சொல்லும். எங்க வண்டியில அந்த ஸ்விட்ச் நுனியில இருந்த ரப்பர் தேய்ஞ்சே போச்சு. தக்காளிப் பெட்டியை அந்தப் பக்கமா ஏத்தி இறக்கினதுல பாதி, மழையில பாதி. கதவு மூடினாலும் ஸ்விட்சை அரைகுறையாத்தான் அமுக்குது. பள்ளத்துல வண்டி குலுங்கினா தொடுப்பு சேரும், பிரியும், சேரும். அதான் நல்ல ரோட்டுல அமைதி, மோசமான ரோட்டுல ரகளை.

புது ஸ்விட்ச் மறுநாள்தான் வரும்னு சொல்லி, ஒரு பழைய சைக்கிள் ட்யூப்ல இருந்து நாலணா அளவு துண்டு வெட்டி, ஸ்விட்ச் முட்டுற இடத்துல கதவுல ஒட்டினார். கதவை மூடினார். எட்டி உதைக்காத குறையா தட்டினார். லைட் எரியலை. மணி அடிக்கலை. ஹேண்ட் பிரேக்கை ரெண்டு பல் இழுத்துட்டு வண்டியை நகர்த்தச் சொன்னார். டிங்... டிங்... டிங்...

மாமா சிரிச்சார். எனக்கு அன்னிக்கு அதைவிட நல்ல பாட்டு எதுவும் இல்லை.

மறுநாள் புது ஸ்விட்ச், கூலியோட சேர்த்து நூத்தம்பது ரூபா. டிரம்மைத் திறந்து லைனர் மாத்தி, பிரேக் ஆயிலை மொத்தமா வடிச்சுப் புதுசு ஊத்தினதுக்கு ஆன செலவு வேற கணக்கு. அதுல கொஞ்சம் நான் தரேன்னு சொன்னேன். "ஏன், ஸ்காலர்ஷிப் வந்திருக்கா?"ன்னுட்டார் மாமா.

ஒரு விஷயத்துல வண்டி செஞ்சவங்க மேல எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஹெட்லைட்டை அணைக்க மறந்ததுக்கும் அதே 'டிங்', மலை இறக்கத்துல பிரேக் கருகப் போறதுக்கும் அதே 'டிங்'னா, மனுஷன் எதைக் கேப்பான்? தினமும் பொய்யா "புலி வருது"ன்னு கத்தினா கேக்கிறவன் காதைப் பொத்திக்கத்தான் செய்வான். ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.க்கள்லயும் இதே தொல்லை இருக்கு, அதுக்கு 'அலாரம் ஃபெட்டீக்'னு பேரே வச்சிருக்காங்க. மெஷின்கள் ஓயாமக் கத்தி நர்ஸுங்க காது மரத்துப்போய், நிஜமான மணியைக் கோட்டை விடுறது. ஆபத்துக்குத் தகுந்த மாதிரி வேற வேற சத்தம் வைக்கிறதுக்கு ஒரு சின்ன சர்க்யூட் போதும். எங்க செட்டோட மினி ப்ராஜெக்ட் இந்த செமஸ்டர் அதுதான். கைடு ஓகே சொல்லிட்டார். டெமோவுக்கு ஒரு பஸ்ஸர் வேணுமேன்னு கேட்டார். கடையில புதுசாவே வாங்கிக்கிறேன் சார்னு சொல்லிட்டேன்.

உங்க வீட்டு வண்டியிலயும் இப்படி ஏதாவது கத்திக்கிட்டிருந்தா, முதல்ல எப்போ கத்துதுன்னு ரெண்டு நாள் கவனிங்க. பள்ளத்துலயா, பிரேக் அடிக்கும்போதா, பக்கத்து சீட்ல பை வச்சப்பவா? பை வச்சா கத்துற கார்னா, பையைக் கீழே வச்சா வேலை முடிஞ்சது. சால்டரிங் அயர்னை அதுவரைக்கும் ஹாஸ்டல் பெட்டியிலயே பூட்டி வைங்க.

போன வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல்ல கால் வைக்கலை, ஒன்பதாவது படிக்கிற பையன் மாடியில இருந்து "டிங்... டிங்... டிங்..."னு கத்தினான். மாமா விழுந்து விழுந்து சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

அத்தை காபி கொண்டாந்து வச்சாங்க. சிரிக்கலை.